சாமிக்கு ஆகாத மேசை

சாயப்பட்டறை லேபில் ஜனனி வேலைக்குச் சேர்ந்து நாலு வருசம். புதுப்புதுச் சாயப் பொடிகளை எடைபோட்டு, கலந்து, துண்டுத் துணியில் நிறம் பார்ப்பது அவள் வேலை. பொடி ஏறி ஏறி, இப்போது மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. “வேலையை விடணும், இல்லாட்டிப் பொடியை விடணும்” என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

இதற்கென்றே போன வருசம் ஒரு கண்ணாடிக் கூண்டு வாங்கினார்கள். ஃபியூம் ஹூட் என்று பெயர். உள்ளே கிளம்பும் பொடியையும் புகையையும் மேலே உள்ள ஃபேன் இழுத்து வெளியே தள்ளிவிடும். வந்திறங்கிய அன்றைக்கு முதலாளி சிவசுப்பிரமணியம் அதற்குள்ளேயே சூடம் காட்டிப் பூஜை போட்டார். புகை சுவரில் ஒட்டாமல் நேரே மேலே போனதைப் பார்த்து மனிதர் சொக்கிப்போனார். லைட் இருக்கிறது, கதவும் இருக்கிறது, பூஜை அறைக்கு வேறென்ன வேண்டும்? முருகன் படம் உள்ளே குடியேறிவிட்டது. ஜனனிக்கு மாஸ்க் கிடைத்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டுமே! முருகன் மலைக்காற்று வாங்கிப் பழகியவர், கூண்டுக்கு ஆசைப்பட்டிருக்கவே மாட்டார். ஆனால் சாமியை நகர்த்தச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அந்த வெள்ளிக்கிழமை ஜனனிக்கு மாஸ்க்கை மாட்டக்கூடத் தெம்பில்லை. முதலாளி பூச்சரத்தோடு வந்து நின்றார்.

“சார், இடம் மாத்திக்கலாமுங்களா? தராசை நான் கூண்டுக்குள்ள வெச்சுக்கறேனுங்க. படத்தை என்ற மேசை மேல வெச்சுக்கலாமுங்க.”

“அங்கீங்களா அம்மணி?” பதறிவிட்டார். “அங்க பொடி பறக்குமேங்க! சாமி மொகமெல்லாம் சாயமாயிருமே!”

கோபம் வரவேண்டிய இடம்தான். கோபப்படவும் மூச்சு வேண்டுமே. ஜனனி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாங்க சார். நாலு வருசமா என்ற மொகம் அங்கதானுங்க இருக்குது.”

முதலாளி அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். காதோரம் நீலம், மூக்கடியில் சிவப்பு. பூச்சரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மணியையும் விளக்கையும் எடுத்தார். கடைசியாகப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தன் ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

ஜனனி கூண்டின் ஃபேன் ஸ்விட்சைப் போட்டாள். சந்தோஷப்படத்தான் நினைத்தாள், இருமல்தான் வந்தது. கூண்டுக்குள் சிந்திக் கிடந்த திருநீற்றைத் துணியால் தட்டினாள். கிளம்பிய தூசி அப்படியே உள்ளே இழுபட்டு மேலே போனது. அவள் பக்கம் ஒன்றும் வரவில்லை.