வியாழக்கிழமை ஷட்டர்

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை. சாஹித்யா என்ற பெண் கேட்ட கேள்வியிலிருந்து எடுத்தது. அவள் ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். போவன்பள்ளி மார்க்கெட் பக்கம் எங்கள் டாக்டரம்மா ரோஸ்லினைப் பார்க்க வந்தவள், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தாள். தலைப்பு இங்கிலீஷில் இருந்தது. என்ன என்று கேட்டேன். போனில் தட்டித் தமிழாக்கிக் காட்டினாள்.

‘குடும்ப மருத்துவர்கள் தங்கள் தொழில்சார் வளர்ச்சியைத் திட்டமிடுவதைப் பாதிக்கும் காரணிகள்.’

நான் ஐந்தாவது வரை படித்தவன். “காரணின்னா என்னம்மா?”

“ரீசன்ஸ் அங்கிள். டாக்டர்ஸ் புதுசா கத்துக்க பிளான் பண்றாங்களா, பண்ணலைன்னா ஏன்னு.”

“டாக்டருக்குப் படிச்சாச்சே. அப்புறம் என்ன கத்துக்கறது?”

அதை அவள் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை இன்னொருவர் எழுதிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. அப்புறம் வேறு மாதிரி வந்துவிடும். அதனால் நானே எழுதுகிறேன்.

2.

முதல் வரி இப்படி வந்தது: ‘தக்காளி லாரிகள் மார்க்கெட்டுக்குள் நுழையும் அதிகாலையில், கருணையே உருவான டாக்டர் ரோஸ்லின்...’

அடித்துவிட்டேன். டாக்டரம்மா கருணையே உருவானவர் இல்லை. சர்க்கரை ஏறினால் திட்டுவார். ஒன்பதரைக்குத்தான் வருவார், அதற்குள் தக்காளி விற்றே போயிருக்கும்.

இரண்டாவது: ‘ஜம்புநாதன் காலில் குத்திய பின்னைப் பற்றிச் சொல்வதற்கு முன்...’

சொல்லியாகிவிட்டது. இனி மறைத்து என்ன? (ஜம்புநாதன் என் எதிர்வீட்டுக்காரன். சர்க்கரை வந்து வெகுகாலம். பாதத்தில் உணர்ச்சி கிடையாது. இந்தக் கதையில் போகுமா நிற்குமா என்று நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கால்தான்.)

3.

டாக்டரம்மா அறைக்குக் கதவு இல்லை, திரைதான். பேசுவது வெளியே கேட்கும். கேட்காமலிருக்க நான் முயற்சி செய்யவும் இல்லை.

“மேடம், என்னென்ன கத்துக்கணும்னு பிளான் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“இருக்கு. இந்த வியாழக்கிழமைல இருந்து...”

“டாக்டரம்மா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” ஓர் அம்மாள் திரைக்குள் தலையை நீட்டினாள்.

“பின்னாடி.”

“நேத்து முன்னாடின்னீங்க.”

“அது வேற மாத்திரை.”

வெளியே டோக்கன் கொடுக்கும் ஜுலைகா கத்தினாள். “ஏ அம்மா, கைக்கு உள்ள போறே? டோக்கன்ல வா!” (அவள் உருதுவில் ‘கைக்கு’ என்றால் ‘ஏன்’.)

சாஹித்யா விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். இதுவரை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்றாள்.

“ஞாயித்துக்கிழமை மீட்டிங் நடக்கும். போனா பாயிண்ட் உண்டு, பதிவப் புதுப்பிக்க மெடிக்கல் கவுன்சில்ல காட்டணும். ஹாலை மருந்துக் கம்பெனிக்காரன் புடிப்பான். அவன் எதை விக்கானோ அதைத்தான் படிப்போம். பிரியாணி நல்லாருக்கும்.”

“உங்களுக்கு எது தெரியலைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

 பேனாவை மூடி மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“சர்க்கரைக்காரங்க கால்” என்றார் டாக்டரம்மா. “மாத்திரை எழுதுதேன். காலை முறையாப் பாக்கத் தெரியாது. போன வருஷம் ரெண்டு பேருக்கு விரல எடுத்தாங்க. நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போதே லேட்டு. அதுக்குத்தான் இந்த வகுப்பு. மூணு மாசம், வியாழன்தோறும். கிளினிக்க மூடிட்டுப் போகணும்.”

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதே இல்லை. வேறு டாக்டரிடம் போய்விடலாமா என்று யோசித்தேன்.*

* யோசித்ததோடு சரி. வேறு டாக்டர் மூன்றாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது.

4.

படிக்கு மேலே, கிளினிக் வாசல் சுவரில் மூன்று மொழியில் பெயிண்ட் அடித்திருக்கும்: செருப்பைக் கீழே விடவும். அதன் பக்கத்துப் பலகையில், வியாழன் விடுமுறை என்று ஜுலைகா ஒரு தாளைப் பின் போட்டுக் குத்தியிருந்தாள். தட்டைத் தலை பின்.

வியாழன் காலை வழக்கம்போல் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினோம். திரைக்கு வெளியே எல்லாம் கேட்டிருந்த நானும் மறந்துவிட்டேன்; ஏறிய பிறகுதான் ஷட்டர் மூடியிருப்பது தெரிந்தது. தெரிந்த பிறகும் யாரும் இறங்கிப் போய்ச் செருப்பை மாட்டவில்லை.

“டாக்டரம்மா படிக்கப் போயிருக்காங்க” என்றாள் ஜுலைகா.

“இந்த வயசுலயா?” என்றான் ஜம்புநாதன். “ஃபெயிலாயிட்டாங்களா?”

“நக்கோ அங்கிள், தமாஷ் நக்கோ, வேணாம்.”

கூட்டம் ஏச ஆரம்பித்தது. யாரோ தாளைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள்.

இங்கே, கிழித்த கை யாருடையது என்று எழுத வேண்டும். ‘நான்தான்’ என்று எழுதினால் கதைக்கு நல்ல கனம் வரும், நீங்களும் இரண்டு நிமிடம் என்னை மன்னித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் கிழிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. பலகையில் இருந்த அந்தப் பின் தரையில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

5.

வெள்ளிக்கிழமை ஜம்புநாதன் உள்ளே போனான். துணைக்கு நானும்.

“காலைத் தூக்குங்க” என்றார் டாக்டரம்மா.

“சுகர் பாக்க வந்தேம்மா.”

“தூக்குங்க.”

இத்தனை வருடத்தில் அவன் பாதத்தை அவர் பார்த்தது அன்றுதான் முதல் முறை. முதல் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களாம்: நாக்கைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார். பெருவிரலுக்குக் கீழே ஒரு தட்டைத் தலை பின் முழுசாக இறங்கியிருந்தது. தலை மட்டும் சட்டைப் பொத்தான் மாதிரி தெரிந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அதன் மேல் நடந்திருக்கிறான்.

“வலிக்கலையா?”

“என்னது?”

எடுத்துத் தட்டில் போட்டார். ‘டிங்’ என்றது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார். பிறகு ஜுலைகாவிடம் பெரிய பிளாஸ்டரை வாங்கி, செருப்பு வாசகத்தின் மேல் குறுக்கே ஒட்டினார்.

“இனிமே யாரும் செருப்பக் கழட்டக் கூடாது. சர்க்கரைக்காரங்க வெறுங்காலோட நடக்கவே கூடாது. இத்தன வருஷம் நானே நடக்க வச்சிருக்கேன்.”

“செருப்போட டாக்டர்கிட்ட வர்றதா? நல்லாவா இருக்கும்?” என்றாள் மாத்திரை அம்மாள்.

“லீவு விட்டதால வந்த வினை இது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டாக்டரம்மா பிளாஸ்டரின் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்திவிட்டார். வகுப்புக்குப் போனதால்தான் காலைப் பார்த்தார். வகுப்புக்குப் போனதால்தான் காலில் குத்தியது. சாஹித்யா இதை எந்தக் காரணியில் சேர்ப்பாளோ தெரியாது.

6.

புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். தினமும் என்றால் வியாழனும் தினம்தான்.

இன்று புதன். டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கட்டு மாற்றிக் காட்டினார்.

“நாளைக்கு ஒரு நாள் நீங்க மாத்தி விடுதீங்களா தாத்தா?”

“அது உங்க வேலை.”

“ஆமா. அதை நல்லாச் செய்யத்தான போறேன்.” துணியும் மருந்தும் என் கையில் வைத்தார். “அந்தப் பொண்ணு காரணம் கேட்டாள்லா. உங்களக் காட்டி விட்டிருக்கணும்.”

நான் சரி என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஜம்புநாதன் ஆரம்பித்தான். “உன் கையாலயா? வேற வினையே வேணாம். யோவ், நாளைக்கு ஒம்பதரைக்கு ரெண்டு பேரும் போய் ஷட்டர் முன்னாடி நிப்போம். ஜுலைகா போன் போடும். அந்தம்மா பஸ்ஸுல பாதி வழி போயிருந்தாலும் எறங்கி வந்துரும்.”

வந்துவிடுவார். அதுதான் சங்கடம்.

முடிவு ஒன்று: போய் நிற்கிறோம். அவர் திரும்பி வருகிறார். அதோடு வகுப்பு நின்றுபோகிறது, எல்லாருக்கும் சந்தோஷம். முதல் வகுப்பில் படித்தது ஜம்புநாதன் காலுக்குப் போதும். அடுத்து வருகிறவன் காலுக்குப் போதுமா என்று...

முடிவு இரண்டு: நான் கட்டு மாற்றுகிறேன். புண் ஆறலாம். சீழ் வைக்கலாம். வைத்தால் பழி என் தலையில். நான் யாரையும் நம்பாதவன், என் கையையும் சேர்த்து.

மூன்றாவது முடிவு எனக்குத் தோன்றவில்லை. நீங்களும் எங்கேயோ ஒரு மூடிய ஷட்டர் முன்னால் நின்று டாக்டரைத் திட்டியவர்தான். நாளை ஒன்பதரைக்கு நீங்களாக இருந்தால் போய் நிற்பீர்களா? யோசித்துச் சொல்லுங்கள், அப்படியே எழுதிவிடுகிறேன்.

துணியும் மருந்தும் இந்தத் தாளுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இதை எழுதும்போதே ஜம்புநாதன் என் வாசலுக்கு வந்துவிட்டான். படியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“கழட்டாதய்யா!” என்று கத்தினேன்.