யாரும் தொடக் கூடாது

என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். கைத்தசை வாடிக்கொண்டே போகும் நோய். நான் கையை நீட்டினால், "தொடாதே!" என்று எரிந்து விழுவார். நானும் சும்மா விடுகிற ஆளில்லை. "புருஷன் சட்டைக்குப் பொத்தான் போடக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்று தினமும் சண்டை.

'தொடாதே' என்பது அவருடைய தொழில் வார்த்தை. ஆழ்கடலுக்கு வாடகைப் படகு ஓட்டியவர். மர்லின் என்கிற ராட்சத மீனைப் பிடிக்கும் ஆசையில் வரும் பணக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்: "மீன் மாட்டினப்புறம் வேற யாரும் தூண்டில் ராடைத் தொடக் கூடாது. தொட்டா அது உங்க மீன் இல்ல." விளையாட்டின் விதி அது; பிடித்த மீனை உயிரோடு கடலில் விட்டுவிடுவதும் அப்படித்தான். இத்தனை வருஷமும் அடுத்தவர் மீனுக்குப் படகு ஓட்டினாரே தவிர, தனக்கென்று ஒன்று பிடித்ததில்லை. கை முழுசாகப் போவதற்குள் ஒரே ஒரு மர்லின், தன் கையால். அவ்வளவுதான் கேட்டார்.

கொழுந்தன் படகை ஓட்டினான். இவரை நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் போட்ட வாரை, தூண்டில் நூல் சுற்றும் ரீலோடு மாட்டினோம். மதியத்துக்கு முன்பே தூண்டிலில் சிக்கிவிட்டது. ஈட்டி மூக்கும் நீல முதுகுமாக, ஆளைவிடப் பெரிய மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது.

"அண்ணே, யானைக்குட்டி!" என்று கத்தினான் கொழுந்தன்.

இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று! ராடைத் தூக்குவார், தாழ்த்தும்போது ரீலைச் சுற்றுவார், மறுபடி தூக்குவார். நான் அவர் தலையில் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு மட்டும்தான் எனக்கு அனுமதி.

"ராடுல கை பட்டுச்சு, உன்னைக் கடல்ல தள்ளிடுவேன்."

"தள்ளுங்க பாப்போம், அந்தக் கையால!" என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம்.

மீன் களைத்துப் பக்கத்தில் வந்தது. அப்போதுதான் அவர் விரல்கள் ரீலின் பிடியிலிருந்து நழுவின. எடுத்து வைத்தார். நழுவின. மணிக்கட்டால் தள்ளிப் பார்த்தார். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவருக்குக் கையே எட்டவில்லை. நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கடவுளே கடவுளே என்று நின்றேன்.

"நீ பிடி," என்றார்.

"மாட்டேன். இது உங்க மீன். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு..."

"இன்னும் இழுத்தடிச்சா அது செத்துடும். பிடிம்மா."

பிடித்தேன். அழுதுகொண்டே சுற்றினேன். கொழுந்தன் இறங்கி வந்து கொக்கியைக் கழற்றி விட்டான். மீன் நீலமாக மினுங்கி ஆழத்துக்குப் போயிற்று.

"அண்ணனோட மீன்!" என்று கூவினான்.

"இல்லடா. அண்ணியோடது," என்றார் இவர்.

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, நெஞ்சு திறந்தபடி என் முன்னால் வந்து நின்றார். கைகள் பக்கவாட்டில் தொங்கின.

நான் சண்டை போட்டுக் கேட்ட உரிமைதான். மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். தொடாதே என்று ஒரு தடவையாவது திட்டமாட்டாரா என்று கடைசிப் பொத்தான் வரைக்கும் காத்திருந்தேன்.