கேமராவின் கண்ணில் சந்தனம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கருத்தரங்கில் கிடைத்தது. 'சிறுதொழில்களுக்கு வரப்போகும் புதிய தொழில்நுட்பங்கள்' என்று தலைப்பு. ஓய்வு பெற்றவனுக்குப் பெங்களூரின் பீணியா தொழிற்பேட்டையில் இலவச மதியச் சாப்பாடு வேறு எங்கே கிடைக்கும்? போனேன். பிசிபேளாபாத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார்: "எங்க பட்டறையில கேமராவுக்கும் ஆயுத பூஜை போட்டோம் சார். அதோட அது கெட்டுப்போச்சு." அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: செயற்கை நுண்ணறிவு இன்று சிறு ஆலைகளின் கதவைத் தட்டிக்கொண்டு

(வேண்டாம். பேச்சாளர் இப்படித்தான் தொடங்கினார். மண்டபமே குறட்டை விட்டது.)

இரண்டாவது: சித்தலிங்கையாவின் பட்டறையில் பித்தளை புஷ்களை, அந்தச் சின்ன உருளை வளையங்களை, கண்ணால் பார்த்து, கீறல் விழுந்தவற்றைக் கழிப்பவள் கெம்பம்மா. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் புஷ் பார்ப்பாள். (சரி, சில ஆயிரம்.) அதே வேலையைச் செய்ய ஒரு கேமரா வாடகைக்கு வந்தது.

"ஒரு மாசம் பார்ப்போம் கெம்பம்மா. இது ஒழுங்கா பார்த்துச்சுன்னா, தீபாவளிக்கப்புறம் நீ வீட்ல நிம்மதியா இரு."

"நிம்மதிக்குச் சம்பளம் யாரு சார் குடுப்பாங்க?"

சித்தலிங்கையா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

3

ஆயுத பூஜையன்று லேத்துக்கும் தராசுக்கும் முதலாளியின் ஸ்கூட்டருக்கும் சந்தனம் வைப்பது எப்போதும் கெம்பம்மாதான். முக்காலியில் ஏறிக் கேமராவுக்கும் வைத்தாள். மற்ற எந்திரங்களுக்கு நெற்றி எது என்று அவளுக்குத் தெரியும். இதற்குக் கண் மட்டும்தான் இருந்தது. அதிலேயே அப்பி, மேலே சாமந்தி மாலையும் சுற்றினாள்.

(வேண்டுமென்றே செய்தாளா? அப்படி எழுதினால் கதை சூடு பிடிக்கும். எழுதியும் பார்த்தேன், கெம்பம்மா ஒத்துழைக்கவில்லை.)

4

விடுமுறை முடிந்து பட்டறை ஓடியதும் கேமரா எல்லாவற்றையும் கழித்துத் தள்ளியது. நல்ல புஷ்கள் கூடையை நிரப்பி, வாசலைத் தாண்டி, மெட்ரோ நிலையப் படிகளில் ஏறி... (இரண்டு கூடைதான். மெட்ரோவை விட மனம் வரவில்லை.)

கேமராவை மாட்டிய பொறியாளன் சுஹாஸ், வெண்ணெய் தோசைக்குப் பேர்போன தாவணகெரேயில் மாமியார் வீட்டில் இருந்தான். போனில் பிடித்தார் சித்தலிங்கையா.

"இங்கேருந்தே பார்த்துட்டேன் சார். மென்பொருள்ல ஒரு குறையும் இல்ல."

"வெண்ணெய் தோசை தின்னுக்கிட்டே பார்த்தா எதுலயும் குறை தெரியாதுடா! நாளைக்கே வந்து இதைக் கழட்டிட்டுப் போ!"

5

காய்ந்த மாலையை எடுக்க ஏறிய கெம்பம்மா, அப்போதுதான் பார்த்தாள்: கேமராவின் கண்ணை மூடிக் காய்ந்துகிடந்தது அவள் வைத்த சந்தனம். கையில் துடைக்கும் துணி இருந்தது. கீழே முதலாளி முதுகைக் காட்டியபடி போனில் கத்திக்கொண்டிருந்தார்.

முடிவு அ: துடைக்கிறாள். கேமரா பிழைக்கிறது. தீபாவளிக்கப்புறம் அவளுக்கு வேலை இல்லை.

முடிவு ஆ: மாலையை மறுபடியும் சுற்றிவிட்டு இறங்குகிறாள். நாளை கேமரா போய்விடும். வேலை அவளுக்கே.

எனக்கு முதல் முடிவுதான் பிடித்தது. நேர்மை, தியாகம், ஈரமான கண்கள், எல்லாம் ஒரே பத்தியில். சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன். முக்காலி மேலிருந்து அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க பென்ஷன் வாங்கறவரு சார். ஒரு நிமிஷத்துல துடைச்சிருவீங்க."

எழுதியதை அடித்துவிட்டேன்.

சித்தலிங்கையா பேசி முடிக்கப்போகிறார், முக்காலி வேறு ஆடுகிறது. மாதச் சம்பளத்தில் வாழ்கிற யாராவது வந்து அதைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்யலாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.