மீன் தொட்டிக்குப் பக்கத்து மேசை

செங்கல்பட்டு தாண்டுவதற்குள்ளேயே சித்ராவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. முன்னால் பார்த்தால் ரோடு, பின்னால் பார்த்தால் ரோடு, நடுவில் அரளிச்செடி. அரளியைத்தான் எத்தனை நேரம் பார்ப்பது? இந்த நாற்கரச் சாலையைப் போட்ட புண்ணியவான்கள் வண்டி வேகமாகப் போவதற்கு வழி செய்தார்களே தவிர, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பொழுது போக ஒரு வழியும் செய்யவில்லை.

மகள் சத்தியப்பிரியாவைத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு முதல் வேலை. நேற்று விடியுமுன் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் கிளம்பி, வழியில் பொட்டலம் வாங்கி வண்டியிலேயே தின்றுகொண்டு பகலெல்லாம் ஓடி, சாயங்காலம் வாளி, பாய், பூட்டு என்று கடை கடையாக ஏறி இறங்கி, இன்று காலை ஏழு மணிக்கே மறுபடி வண்டியில் ஏறியாயிற்று. ஓட்டுவது கணவன் மருதுபாண்டி. அவனுக்கு இது புதிதில்லை. காரைக்குடியில் ஒரு டிராவல்ஸில் பத்தொன்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறான், பாதி நாள் இதே சென்னை ரோட்டில்தான். முதலாளி பாண்டியராஜன் பெரிய மனசு பண்ணி வண்டியைக் கொடுத்திருந்தார். அந்தப் பெரிய மனசுக்கு ஒரு கெடுவும் வைத்திருந்தார். சாயந்தரம் அஞ்சு மணிக்கு ராமேஸ்வரம் போக வண்டி பிடித்த பார்ட்டி காரைக்குடியில் காத்திருக்கும், அதற்குள் வந்து சேர வேண்டும்.

சித்ரா இந்த ரோட்டில் வருவது இதுதான் முதல் தடவை. ஆனால் அதன் முக்கியமான இடங்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மருதுபாண்டி வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவளுக்குப் போன் போடுவான். திண்டிவனம் பக்கம் ஒரு பெரிய புளியமரம், அதன் அடியில் டீக்கடை. "மரத்தடில நிக்கிறேன், காத்து என்னமா வருது" என்பான். மத்தியானம் பெரம்பலூருக்கு முன்னால் ஒரு ஏசி ஹோட்டல். "மீன் தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். கலர் கலரா மீனு. சாப்பாடு பிரமாதம். நீ சாப்பிட்டியா?" என்பான். அவள் அடுப்படியில் காலையில் மிஞ்சின சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு, சாப்பிடுகிறேன் என்பாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டதில்லை. அவன் ரோட்டில் சாப்பிடுவான், அவள் வீட்டில் சாப்பிடுவாள். அதனால் கிளம்பும்போதே ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். திரும்பி வரும்போது அந்த மீன் தொட்டிப் பக்கத்து மேசையில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். அவனும் சரி என்றிருந்தான். பக்கத்திலிருக்கிற கோவிலூருக்குப் போனால்கூட புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிறவள், இந்தப் பயணத்துக்கு ஒரு பிடி சோறு கட்டவில்லை. "அம்மாவா இது?" என்று சத்தியப்பிரியா சிரித்தாள்.

திண்டிவனம் டீக்கடையில் வண்டி நின்றது. சித்ரா இறங்கி அண்ணாந்து பார்த்தாள். வானம்தான் இருந்தது. தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கட்டை மட்டும் கிடந்தது. அதன்மேல் யாரோ காலி சிலிண்டரை வைத்திருந்தார்கள்.

"மரத்தடின்னு சொல்லுவீகளே?"

"இருந்துச்சு. ரோட்ட அகலப்படுத்துறப்ப வெட்டிட்டாங்ய. மூணு வருஷமிருக்கும்."

"போன வாரங்கூட மரத்தடில நிக்கிறேன்னுதான சொன்னீக?"

"பேரு அப்பிடியே வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு அவன் குழாயடிக்குப் போனான். முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினான். பிறகு சட்டைப் பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து, இரண்டு கண்ணுக்கும் கீழே தடவிக்கொண்டான். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது. டீக்கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை போடாத ஸ்ட்ராங் டீயை நீட்டினார். இதுவும் அவனுக்கு வழக்கம்தான் போலிருக்கிறது. இந்த வழக்கத்தைப் பற்றி மட்டும் போனில் ஒரு வார்த்தை வந்ததில்லை.

"தூக்கம் வருதா?"

"தூக்கமா, எனக்கா?" என்றான். அந்தக் கேள்விக்கு அதற்கு மேல் மரியாதை கிடைக்கவில்லை.

பெரம்பலூருக்கு முன்னால் அந்த ஹோட்டல் வந்தது. வாசலில் தேக்கு மாதிரி வர்ணம் பூசிய நாலு தூண், மேலே 'அசல் செட்டிநாடு சமையல்' என்று ஆள் உயர எழுத்து. செட்டிநாட்டு வீடுகளின் அசல் தேக்குத் தூணைப் பார்த்துப் பழகிய பள்ளத்தூர்க்காரி ஒரு தூணை விரலால் சுண்டிப் பார்த்தாள். டொக் என்றது. உள்ளே ஒன்றுமில்லை. சிரிப்பு வந்தாலும் பசி அதைவிட அதிகமாக இருந்தது.

வெள்ளைச் சட்டை சூப்பர்வைசர் மருதுபாண்டியைப் பார்த்ததும் வந்தார். "வாங்கண்ணே. பார்ட்டி எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான். லேடீஸ்" என்றான் மருதுபாண்டி.

சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கட்டடத்தின் பின்பக்கம் நடந்துவிட்டான். ஆள் கூட்டிவருகிற டிரைவருக்கு அங்கே பின்கட்டில் இலவசச் சாப்பாடு. ரோட்டோர ஹோட்டல்களில் அது எழுதாத ஒப்பந்தம். பத்தொன்பது வருஷம் சொன்னதை நாக்கு சொல்லிற்று, பத்தொன்பது வருஷம் போன வழியில் கால் போயிற்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சித்ரா கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவளுக்கு அப்படி ஒரு கோபம். கட்டின பெண்டாட்டி பார்ட்டியா? "மேடம் உள்ள வாங்க" என்று சூப்பர்வைசர் கதவைத் திறந்து பிடிக்க, விறுவிறுவென்று போய் மீன் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது, பிளாஸ்டிக் பாசி இருந்தது, குமிழி வந்துகொண்டிருந்தது. மீன் ஒன்றையும் காணோம்.

அப்போது அவள் போன் அடித்தது. அவன்தான்.

சரி, புத்தி வந்துவிட்டது, தேடுகிறான் என்று நினைத்து எடுத்தாள்.

"என்ன சித்ரா, சாப்பிட்டியா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல" என்றாள்.

"நேரத்துக்குச் சாப்பிடு. நான் இப்பத்தான் உக்காந்தேன். சாப்பாடு பிரமாதம்."

தட்டுகள் மோதுகிற சத்தம் போனில் கேட்டது. அதே சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

"எங்க உக்காந்திருக்கீக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எப்பயும் போலதான். மீன் தொட்டிக்குப் பக்கத்துல."

சித்ரா காலி நாற்காலியைப் பார்த்தாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, பயம்தான் மிச்சமிருந்தது.

"நானும் இங்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்" என்றாள். "உங்களத்தான் காணோம்."

பெஞ்சு நகர்கிற சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

கழுவின கை ஈரம்கூடக் காயாமல் அவன் வந்து நின்றான். சூப்பர்வைசர் ஓடிவந்தார். "அண்ணே, டிரைவர் சாப்பாடு பின்னாடில்ல?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் சித்ரா. "ரெண்டு சாப்பாடு கொண்டாரச் சொல்லுங்க."

மருதுபாண்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். வேறு யாருடைய இடத்திலோ உட்கார்ந்தவனைப் போல அங்கும் இங்கும் பார்த்தான்.

"நான் இங்க உக்காந்ததே இல்ல சித்ரா. போறப்ப வாரப்ப கண்ணாடி வழியா பாக்குறதுதான். முன்னால மீனு இருந்துச்சு."

"அங்குட்டு என்ன போடுவாங்க?"

"என்னத்தயாச்சும் போடுவாங்ய. ரசம் தண்ணியா இருக்கும். பாத்திரம் கழுவுற எடத்துக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு."

"பெறகு எதுக்கு எங்கிட்ட அப்பிடிச் சொன்னீக?"

"நீ மிஞ்சின சோத்த வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. நானாச்சும் நல்லாச் சாப்பிடுறேன்னு நெனச்சா உனக்கும் தொண்டைல எறங்கும்ல." சொல்லிவிட்டுக் கண்ணைத் தேய்த்தான். "நீ கூட வந்ததே மறந்துபோச்சு. ரெண்டு மூணு மாசமா இப்பிடித்தான் ஆகுது. வண்டி ஓடிக்கிட்டிருக்கும், எந்த ஊரு தாண்டுச்சுன்னு தெரிய மாட்டேங்குது. யாருகிட்டயும் சொல்லல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிற இடமென்று கூச்சப்பட நேரமில்லை. நேற்று மகளையும் ஏற்றிக்கொண்டு இவனை நம்பி இருநூற்றைம்பது மைல் வந்திருக்கிறோம் என்று நினைத்தாள். அதைவிட, தான் ஒருத்தியும் கூட இல்லாமல் இவன் போய்வந்த நாட்களை நினைத்தபோது பிடியை இன்னும் இறுக்கினாள்.

"சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசருங்க" என்றாள். தலையை ஒரு கையில் தாங்கியபடியே அவன் தூங்கிப்போயிருந்தான்.

சர்வர் இரண்டு இலை போட்டுச் சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் வைத்தார். சித்ரா உதட்டில் விரல் வைத்துக் காட்ட, அவர் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். ஆவி பறந்தது, பிறகு அடங்கிற்று. அவளுக்குக் குடல் காய்ந்தது. இலையைத் தொடவில்லை.

மேசைமேல் அவனுடைய போன் அதிர்ந்தது. முதலாளி. மருதுபாண்டி அசையவில்லை. அவளே எடுத்தாள்.

"அண்ணே, நான் சித்ரா பேசுறேன்."

"மருது எங்கம்மா? அந்த அஞ்சு மணி பார்ட்டி இப்பவே போன் போட்டு உயிர வாங்குது."

"அவுக சாப்பிட்டுக்கிட்டிருக்காக."

"ஒரு நிமிஷம் குடும்மா."

"அவுகளால இன்னைக்கு ராமேஸ்வரம் போக முடியாதுண்ணே. வேற ஆளப் போடுங்க. வேற வண்டியும் பாத்துக்கங்க."

"என்னம்மா, திடுதிப்புன்னு இப்பிடிச் சொன்னா எப்பிடி? அவன் வேலைய நெனச்சுப் பாத்தியா?"

"அதைத்தாண்ணே நெனச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். உங்க வண்டி பத்திரமா வந்துரும். அப்பறம் கூப்பிடுறேன்" என்று போனை வைத்தாள். 'அப்பறம் கூப்பிடுறேன்' என்பது பத்தொன்பது வருஷமாக அவன் சொல்லி அவள் கேட்டுக் கேட்டுச் சலித்த வார்த்தை. இன்றைக்குத்தான் அவள் வாயிலிருந்து வந்தது.

சிறிது நேரம் கழித்து சர்வர் பூனைபோல வந்து குனிந்தார். "சோறு ஆறிருச்சே மேடம். நீங்களாவது சாப்பிடுங்களேன்."

"இருக்கட்டும். அவுக எந்திரிச்சதும் சேந்து சாப்பிடுறோம்."

தூக்கத்தில் அவன் முழங்கை இடித்துவிடாமல் தண்ணீர் டம்ளரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.