நீலமாகாத பெயர்

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அமைதிப்புறா. அவருக்குச் சத்தம் ஆகாது, சண்டை ஆகாது, கணினித் திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தால்கூட ஆகாது. அந்தப் புறாதான் எங்கள் ஐந்து பேர் வேலைக்கும் உலை வைத்தது.

எங்கள் குழுவுக்குத் தேதிக் கணக்கு. மாதத்தின் கடைசி நாள் எது, இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை வேலைநாள் என்று கணக்கிடும் கணினி நிரல்களை எழுதுவோம். மற்ற குழுக்கள் பிரதி எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். யார் யார் எடுத்தார்கள் என்பது எங்களுக்கே தெரியாது. ஆனால் ஒரு குழுவின் நிரலுக்குள் இன்னொரு குழு திறந்து பார்க்க முடியாதபடி பூட்டு. எல்லோருக்கும் திறந்திருந்தவை ஆவணப் பக்கங்கள் மட்டும்தான். நிரலுக்கு மேலே நாங்கள் எழுதிவைக்கும் குறிப்புகளை எடுத்து ஒரு கருவி தானாகவே அந்தப் பக்கங்களைத் தயாரித்துவிடும்.

தனித்தனியாகக் கிடந்த அந்தப் பக்கங்களை இணைக்கத்தான் என் கணவரை எடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைத்த வேலை. சம்பளக் குழுவின் பக்கத்தில் எங்கள் நிரலின் பெயர் வந்தால் அது நீலமாகும். தொட்டால் எங்கள் பக்கம் திறக்கும். அவர் முடித்ததும், எந்தக் குழுவுக்கு எத்தனை இணைப்பு வருகிறது என்று அமைதிப்புறா எண்ணச் சொன்னார். எங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை.

"யாருமே யூஸ் பண்ணாததை எதுக்கு வச்சுக்கிட்டு?" என்றார், குரலை உயர்த்தாமல். வெள்ளிக்கிழமையோடு குழு கலைந்தது, ஐந்து பேருக்கும் வேலை போனது. இத்தனை வருடம் யாருக்காகத்தான் உழைத்தோம் என்று எனக்கு வெட்கமாகவே இருந்தது.

மறுநாள் காலை என் கணவர் குளிக்கப் போயிருந்தார். சாப்பாட்டு மேசையில் அவருடைய மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் சம்பளக் குழுவின் பக்கம். அதன் நடுவில், மாதக் கடைசியைக் கண்டுபிடிக்க நான் எழுதிய நிரலின் பெயர். கறுப்பு எழுத்தில்.

"ஏங்க, இங்க வாங்க! இது என்னோடது. ஏன் கறுப்பா இருக்கு?"

தலையில் ஈரத் துண்டோடு வந்தவர் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க பக்கமெல்லாம் புது சர்வருக்கு மாத்தினீங்களா?"

"மாத்தி ஒரு மாசம் ஆச்சு. எல்லாருக்கும் மெயில் போட்டோமே."

"நான் வர்றதுக்கு முன்னாடி. என்கிட்ட பழைய முகவரிதான் இருக்கு."

"முகவரி தப்புன்னா உங்க இணைப்புக் கருவி கத்தாதா?"

"கத்தும். மஞ்சள்ல வரும். மேனேஜர்தான் ஒரு மஞ்சள்கூட கண்ணுல படக்கூடாதுன்னு எல்லாத்தையும் அணைக்கச் சொன்னார். அணைச்சிட்டா, பேரை சும்மா கறுப்பாவே விட்டுட்டுப் போயிடும்."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? அவர் சொன்னா நீங்க அணைச்சிடுறதா?"

"புது வேலைம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துண்டைப் பிடுங்கி எறிந்தேன். அவர் முகவரியைத் திருத்திக் கருவியை ஓட்டினார். சம்பளம், விடுப்பு, கிடங்கு என்று பக்கத்துக்குப் பக்கம் எங்கள் பெயர்கள் நீலமாயின. நாங்கள் இல்லாமல் அந்த அலுவலகத்தில் ஒரு மாதம்கூட முடியாது. நான் அழுதேன்.

"திங்கக்கிழமை சொல்லிடுறேன்," என்றார். சொன்னால் பழி அவர் தலையில்தான் விழும் என்று இருவருக்கும் தெரியும்.

திங்கள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டார். ஆனா காலைலயே உங்க பக்கத்தையெல்லாம் அழிச்சிட்டாங்க. ஆளுங்களையும் வேலையை விட்டு அனுப்பியாச்சு, இனி திருப்ப முடியாதுன்னார். நிரலோட பிரதி எல்லார்கிட்டயும் இருக்காம், அது பாட்டுக்கு ஓடுமாம்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "அப்போ அந்த நீலமெல்லாம்?"

"தொட்டா 'பக்கம் இல்லை'ன்னு வருது. பார்க்க அசிங்கமா இருக்கு, எடுத்துடுங்கன்னார்."

"எடுத்துட்டீங்களா?"

அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவரில் வேலை இருந்தது அவருக்கு மட்டும்தான்.