நைட் ஷிப்ட் தூக்கம்

நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவனை எழுப்பக் கூடாது. நெய்வேலியில் இது எழுதாத சட்டம். பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கும் குவார்ட்டர்ஸ் முன்னால் கீரைக்காரி கூட வாயைத் திறக்காமல் நடப்பாள். அய்யாசாமி அந்தச் சட்டத்தில் ஊறிப்போன ஆள். சேலத்துப் பக்கத்திலிருந்து ஒண்டியாக வந்து சுரங்கத்தில் பர்மனென்ட் ஆனவர். குறிஞ்சிப்பாடியில் புருஷனை இழந்து நின்ற நாகம்மாளைக் கட்டிக்கொண்டார். அவளோடு பாவாடை என்ற எட்டு வயதுப் பையனும் வந்தான்.

பையன் ஒரு நாள் தகர டப்பாவைத் தட்டி விளையாடினான். தூக்கம் கலைந்த அய்யாசாமி பெல்ட்டை உருவி விளாசிவிட்டார். அந்த ஒரு நாளோடு நிறுத்தித் தொலைத்திருந்தால் அவனும் மறந்திருப்பான். எங்கே நிறுத்தினார்? தூக்கம் கெட்டபோதெல்லாம் பெல்ட்தான். மீசை அரும்பியதும் பாவாடை பக்கத்து ஊரான வடக்குத்தில் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, கல்யாணம், தனி வீடு எல்லாம் அங்கிருந்தே. அந்த ஆள் இருக்கிற வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் மிதிக்கவேயில்லை. நாகம்மாள்தான் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அய்யாசாமிக்கு வயதாக ஆக மனசு அடித்துக்கொண்டது, ஆனால் எந்த முகத்தோடு போவார்?

அப்படிப்பட்டவர் அன்று காலை போகவேண்டி வந்தது. விடியற்காலையில் அடுப்படியில் நாகம்மாள் சுருண்டு விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "பாவாடைய... கூட்டியாங்க" என்று மட்டும் குழறினாள். டாக்டர் அய்யாசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அய்யாசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

பாவாடையின் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெண், செல்லக்கிளி, எழுந்து வந்தாள்.

"யாருங்க?"

"நான் பாவாடையோட..." அப்பா என்று சொல்ல நாக்கு வரவில்லை. "பாவாடையப் பார்க்கணும்."

"நைட்டு ஷிப்டு முடிச்சிக்கினு இப்பதாங்க வந்து படுத்தாரு. பொண்டாட்டியும் முந்திரித் தோப்புக்குப் பூட்டா. எழுப்பட்டுங்களா?"

"வேண்டாம்மா, வேண்டாம். ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமில்லையாம்! என்ன பேச்சு அது? ஆனால் அவர் கணக்கு வேறு. கதவிடுக்கில் பார்த்தார். கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி கிடந்தான். முடியில் கரித்தூசி அப்படியே இருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கிய அய்யாசாமி இறக்கிக்கொண்டார். இப்போது எழுப்பினால் கண் விழித்ததும் தன் முகத்தில்தான் விழிப்பான். தூக்கம் கெட்டவனுக்கு வருகிற வெறி அவருக்குத் தெரியாதா? போய்யா வெளியே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீம்புக்காரன் வரவே மாட்டான், நாகம்மாள் கேட்டது நடக்காது. தானாக எழுந்திருக்கட்டும், நிதானமாக இருக்கும்போது பக்குவமாகச் சொல்லலாம். அதற்குள் அவளுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. கூரைமேல் ஒரு காகம் வந்து கரைந்தது. எழுந்து துண்டை வீசி விரட்டினார். செல்லக்கிளியின் ஆடு கத்தியது, அதற்கும் ஒரு கிளையை ஒடித்துப் போட்டு வாயை அடைத்தார். அட மனுஷா, அங்கே ஒருத்தி இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், நீ இங்கே காக்கா விரட்டுகிறாயே என்று கேட்க ஆளில்லை. இடையில் இரண்டு தரம் கதவுவரை போய்த் திரும்பினார்.

உச்சி சாய்ந்த பிறகு பாவாடை வெளியே வந்தான். அவரைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலப்பா. ஆஸ்பத்திரில இருக்கா. உன்னத்தான் கேக்குறா."

அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. சட்டையைக் கூட மாட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். "எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்" என்றார் அய்யாசாமி. வாய் முந்திக்கொண்டுவிட்டது.

அவனே சைக்கிளை மிதித்தான். அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் துணி முகம்வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. "இப்ப கொஞ்சம் முன்னாலதாங்க" என்றாள் நர்ஸ். "கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

பாவாடை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். பிறகு சுவரில் சாய்ந்து நின்ற கிழவரைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க, அப்பா? இந்த வயசுல சைக்கிள் மிதிச்சிக்கினு வந்து சொன்னீங்க. நான்தான் பாவி, தூங்கிக்கினு கெடந்தேன்."

அப்பா என்றான். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பார்! இப்போது அது கிடைத்துவிட்டது. காலையிலேயே வந்ததைச் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் நாகம்மாளைக் குவார்ட்டர்ஸில் கிடத்தியிருந்தார்கள். பாவாடை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தான். "அப்பா காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல, காபி குடு" என்று பெண்டாட்டியை விரட்டினான். அவர் தோளில் கைபோட்டபடி வாசலில் நின்று, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கை நீட்டினான்.

வடக்குத்து ஜனங்களும் வந்தார்கள். செல்லக்கிளி மாரில் அடித்துக்கொண்டு அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு பாவாடையிடம் வந்தாள். பாவம், அவள் மனசில் ஒன்றுமில்லை.

"எனக்குத் தெரியாம பூட்ச்சே! காலீல வெயிலு ஏறுறதுக்கு முன்னயே வந்து ஒன் வூட்டு வாசல்ல குந்திக்கினு இருந்தாரே ஒங்கப்பா. எழுப்பட்டுமான்னு கேட்டேன், அவசரமில்லன்னுட்டாரே."

தோளிலிருந்த கை மெல்ல இறங்கியது. பாவாடை அவரைத் திரும்பிப் பார்த்தான். கோபம் கூட இல்லை அந்தப் பார்வையில்.

"ஏன் எழுப்பல?"

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ தூங்கிக்கிட்டு இருந்தப்பா" என்றார் அய்யாசாமி.