விளையாடிப் பார்த்தவர்கள்

காலை ஐந்து மணிக்கு நாங்கள் ஏழு பேரும் மாடிப்படி ஏறிவிடுவோம். கீழே காலண்டர் அச்சகம். மேலே தகரக் கூரைக்கு அடியில் எங்கள் கம்பெனி. எட்டு மணிக்கு அச்சகம் ஓடத் தொடங்கினால் தரை அதிரும், இணையமும் அவர்கள் பக்கம் போய்விடும். அதற்குள் ஆளுக்கு மூன்று வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதி முடிக்க வேண்டும். கைப்பேசி சூடேறி உள்ளங்கையைச் சுடும். கட்டைவிரல் நுனி மரத்துப்போகும். ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரியைத் தட்டுவோம்.

முதலாளி மணிகண்டராஜ். அச்சகம் அவருடைய அப்பாவுடையது. மாடியும் அப்பாவுடையது. அவருக்கென்று சொந்தமாக இருந்தது வாசலில் தொங்கிய பலகை ஒன்றுதான்: ‘கேம் பத்திரிகையாளர் பயிற்சி. மூன்று மாதம். வேலை உறுதி.’ அண்ணாச்சி என்று கூப்பிடுகிற சிவகாசியில் தம்மைச் ‘சீஃப்’ என்று கூப்பிடச் சொன்ன மனிதர். நாங்கள் மறக்காமல் அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம்.

மூன்று மாதம் எட்டு மாதமாயிற்று. இன்னும் பயிற்சிதான். சம்பளம் என்று வாயெடுத்தால், கற்றுக்கொள்கிற இடத்தில் கூலி கேட்கலாமா என்பார். அவர் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு தாள். அதில் நாற்பது புகழ்ச்சிச் சொற்கள். அனல் பறக்கிறது, மெய்சிலிர்க்கிறது என்கிற வகை. கேமின் படத்தைப் பார், ஐந்து சொல்லை எடு, எழுது. விளையாட வேண்டியதில்லை. கைப்பேசியில் மணி பார்க்க மட்டுமே தெரிந்தவர் அதற்குமேல் எதைக் கற்றுக்கொடுப்பார்?

மீதியை நாங்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்டோம். விளையாடாத கட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை. எங்கே தோற்றோம், எத்தனை தடவை என்பதைத் தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் கண்டதை இன்னொருவரும் விளையாடிச் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவன் ஜாபஸ். “நீ சொன்னா நான் நம்புதேன். வாசிக்கிறவன் எதுக்குலே நம்பணும்?” என்பான் என்னிடம்.

போன மாதம் பட்டாசு ஆலை நடத்துகிற கேம் ஒன்று வந்தது. உருவாக்கியவர் முதலாளியின் மைத்துனர். விமர்சனம் எழுதுகிற வேலையை முதலாளி சுகிர்தாவிடம் கொடுத்தார். ஆமத்தூர்ப் பெண், இங்கே வருமுன் இரண்டு வருடம் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தியவள். அவள் பெயரில் வந்தால் எடுபடும் என்று யோசித்திருக்கிறார். எழுதிய அன்றே வேலை நியமன ஆர்டர் என்றார். எங்கள் ஏழு பேரில் முதல் ஆர்டர். அது கிடைக்காவிட்டால் இந்தச் சீசனுக்கு அவள் திரும்ப ஆலைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

சுகிர்தா பதினோரு நாள் விளையாடினாள். பதினோரு நாளும் தோற்றாள். அறைக்கு நாலு பேர், வெயில் ஏறுமுன் மருந்துக் கலவை, இரண்டு வாசலும் திறந்து; ஆலையில் சொல்லிக்கொடுத்த வழியிலேயே அவள் கை போயிற்று. மூன்றாம் கட்டத்தைத் தாண்டவில்லை. பன்னிரண்டாம் நாள் ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்து, உச்சி வெயிலில் கலக்கினாள். மளமளவென்று நாலு கட்டம் ஏறிற்று. பிறகு அறை வெடித்தது. திரையில் முப்பது விநாடி விளம்பரம் ஓடியது. அதைப் பார்த்து முடித்ததும் பத்துப் பேரும் எழுந்து உட்கார்ந்து மறுபடி மருந்து செலுத்தினார்கள்.

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். ஆலையில் அவளோடு வேலை பார்த்த சோலையம்மாள் இருந்த அறையிலும், அது வெடித்த அன்றைக்கு ஒன்பது பேர். யாரும் எழுந்து உட்காரவில்லை.

அவள் எழுதிக் கொடுத்த விமர்சனம் இப்படித் தொடங்கியது: ‘விதிப்படி ஆலை நடத்துகிறவரால் இந்தக் கேமில் ஜெயிக்க முடியாது.’

மறுநாள் ஆறு மணிக்கே முதலாளி மாடியேறி வந்தார். அந்த நேரத்தில் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

“ஏம்மா, கேம் வெளையாடச் சொன்னா ஆலைய சோதன போட்டுட்டு வந்திருக்க. ஒனக்கு வெளையாடத் தெரியல.”

“வெளையாடித்தான் தோத்தேன் அண்ணாச்சி. நீங்க எத்தன கட்டம் போனீக?”

முதலாளி சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். ஒன்றில் அவரே எழுதிய விமர்சனம். பட்டாசு ஆலை கேமுக்கு ‘அனல் பறக்கிறது’ என்று எழுதக் கூசாத கை. இன்னொன்று ஆர்டர். “இதுக்குக் கீழ ஒன் பேரப் போடு. அத எடுத்துக்கோ.”

சுகிர்தா ஆர்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிஷியல்கூடச் சரியாக அடித்திருந்தது. அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு தாள்களையும் அவர் பக்கம் தள்ளினாள்.

“இதுல இருக்கது எதையும் நான் பாக்கல அண்ணாச்சி.”

“சரி. ஏலே ஜாபஸ், நீ பேரப் போடு. ஆர்டர் ஒனக்கு.”

ஜாபஸ் தன் நோட்டை மேசையில் வைத்தான். அவளுக்குத் தெரியாமல் அவனும் ஒன்பது நாள் அதே வழியில் விளையாடியிருந்தான். “எனக்கும் மூணாங் கட்டத்துலதான் நின்னுச்சு.” அடுத்து என் நோட்டை வைத்தேன்; நானும் அதே கட்டத்தில்தான் தோற்றிருந்தேன். பிறகு மற்ற நால்வரும். சுகிர்தா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவளுடையதையும் மேலே வைத்தாள். ஏழில் ஒன்றைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை. எங்கள் இடத்துக்கு வாசலில் நூறு பேர் நிற்கிறான் என்றார். எட்டிப் பார்த்தேன். ஒரு மாடு நின்றது.

விளையாடாத கேமுக்கு இனிப் பெயர் தருவதில்லை. நாங்கள் எழுதாத வரிக்கும் தருவதில்லை. ஆர்டர் ஏழு பேருக்கும் சேர்த்துத்தான். ஜாபஸ் இதை நிதானமாகச் சொன்னான். முதலாளி போய் இணைய வயரைப் பிடுங்கினார். எட்டு மாதத்தில் எங்கள் கண்முன் அவர் தம் கையால் செய்த முதல் வேலை.

நாங்கள் இறங்கி அச்சக வாசலிலேயே உட்கார்ந்தோம். சுகிர்தாவின் விமர்சனத்தை நோட்டில் மறுபடி எழுதி, கீழே ஏழு பெயர்களையும் போட்டோம். எங்கே வெளியிடுவது, வெளியிட்டால் போலீஸுக்குப் போவாரா, எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. அவள் வீட்டுக்கு என்ன சொல்வாள் என்பதும் தெரியவில்லை.

எட்டு மணிக்கு அச்சகம் ஓடத் தொடங்கியபோது சாத்தூரிலிருந்து ஒரு பெண் சுகிர்தாவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். அங்கேயும் இதே முதலாளிக்கு ஒரு மாடி, ஐந்து பேர். நாங்கள் நோட்டைக் காட்டி மறுத்ததைச் சொல்லித் திட்டிவிட்டு, அதே விமர்சனத்துக்கு இப்போது போனில் அவர்களிடம் பெயர் கேட்கிறாராம். உங்கள் நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம் என்றாள்.

“எங்கள நம்பிப் போடாதீக,” என்றாள் சுகிர்தா. “வெளையாடிப் பாத்துட்டுப் போடுங்க.”

“ஆரம்பிச்சாச்சுக்கா. அஞ்சு பேரும்.”

சுகிர்தா பேனாவை வாங்கி, ஏழாவது பெயருக்குக் கீழே ஐந்து வரி இடம் விட்டுக் கோடு போட்டாள்.